காரை வீட்டு வழக்கு

குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் வழக்குப் போடும்போது சொல்லும் காரணங்களிலேயே மறுக்கக் கடினமானது, "இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறேன்" என்பது. வாடகை பாக்கி என்றால் ரசீதைக் காட்டலாம். உள்வாடகைக்கு விட்டார் என்றால் சாட்சி எங்கே என்று கேட்கலாம். தன் வீட்டைத் தானே இடிக்கப் போகிறேன் என்பவரிடம் என்ன கேட்பது? 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதன் 14-ஆவது பிரிவில், இதற்கு இரண்டு வாசல் வைத்திருந்தது. வீட்டைப் பழுதுபார்க்க வேண்டும், ஆள் உள்ளே இருந்தால் வேலை நடக்காது என்றால், குடியிருப்பவர் வெளியே போக வேண்டும்; வேலை முடிந்ததும் அவரையே திரும்பக் குடிவைக்க வேண்டும். வீட்டை இடித்தே கட்ட வேண்டும் என்றால், அந்தத் தேவை உண்மையானதாக இருக்க வேண்டும்; ஒரு மாதத்துக்குள் இடிக்கத் தொடங்கி மூன்று மாதத்துக்குள் முடிப்பேன் என்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும். போனவர் போனவர்தான், திரும்பி வர உரிமை கிடையாது. ஆகவே ஒரு பழைய கட்டடம் பழுதுபார்க்கத் தக்கதா, இடிக்கத் தக்கதா என்பது கொத்தனார்கள் பேசித் தீர்க்கும் விஷயம் போலத் தோன்றினாலும், ஒரு மனிதர் தன் கடைக்குத் திரும்பி வருவாரா மாட்டாரா என்பது அதில்தான் இருந்தது.

தென்காசியில் நான் நடத்திய இந்த வழக்கு அந்தக் கோட்டின் மேல்தான் நின்றது. 2000-த்துக்குப் பின் வந்த முதல் சில ஆண்டுகளில் நடந்தது. நான் குடியிருந்தவர் பக்கம்.

இடிப்புக் கேட்கும் வழக்கில் எதைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு நிற்கும் பி.ஆர். அண்ட் சன்ஸ் கடிகாரக் கடையின் வழக்கு 1991-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் வந்தது. கட்டடத்தின் நிலையைப் பார்க்காமல் வீட்டுக்காரரின் விருப்பத்தை மட்டும் வைத்து இடிக்க விடக்கூடாது என்றது அது. 1996-இல் விஜய் சிங் எதிர் விஜயலட்சுமி அம்மாள் வழக்கில் அந்தக் கருத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். கட்டடம் விழுகிற நிலையில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதன் வயது, நிலை, கட்டுவதற்கான பணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து வீட்டுக்காரரின் தேவை உண்மையானதா என்று முடிவு செய்ய வேண்டும் என்றார்கள். எங்கள் வழக்கில் வீட்டுக்காரருக்குப் பணம் இருந்தது, வரைபட அனுமதியும் இருந்தது. மிச்சம் இருந்தது வயதும் நிலையும்தான்.

வீடு, காசி விசுவநாதர் கோயில் ரத வீதியை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தது. முன்பக்கம் கடை, பின்னால் இரண்டு கட்டு, மேலே காரை மட்டப்பா. இப்போதைய பிள்ளைகள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளைப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் சின்ன மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக, மூலைவாட்டத்தில் நிறுத்துவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டிப் பரப்பி, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். அடிக்கிற கட்டை பதியாமல் துள்ளுகிற வரைக்கும் விடக்கூடாது. கடைசியில் தட்டோடு. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் இறங்குகிற சாரலுக்கு இந்த ஊர் கண்ட விடை அது. நனையும், பிறகு காயும். வாங்கின ஈரத்தை வெளியே விட்டுவிடும் என்பதுதான் சுண்ணாம்பின் குணம்.

கடை வைத்திருந்த என் கட்சிக்காரர் அண்ணாச்சி அங்கே நாட்டு மருந்து விற்றார். அவருடைய அப்பா காலத்தில் அந்தக் கடையின் பெரிய வாடிக்கையாளர்கள் நோயாளிகள் இல்லை, கொத்தனார்கள். கடுக்காய் மூட்டைக் கணக்கில் போகும். வழக்குக் காலத்தில் அவர் கடையில் கடுக்காய் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் அடங்கியிருந்தது. வயிற்றுக்கு வாங்குகிறவர்கள் மட்டும் கேட்டு வந்தார்கள். வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. குற்றாலம் சீசனுக்கும் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகளுக்கும் ஊரில் அறை கிடைக்காத நிலை. கீழே கடைகள், மேலே லாட்ஜ் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பேன்.

நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரைக் கமிஷனராக நியமித்தது. அவர் ஒரு பொறியாளரைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தார். அறிக்கையோடு போட்டோக்கள் வந்தன. கடைச்சுவரின் கீழ்ப்பகுதியில் ஈரம், உப்புப் பூத்தல், செங்கல் உதிர்தல். மட்டப்பாவின் கட்டைகளில் ஒன்றின் நுனியில் செல். முடிவுரை ஒரே வரி: கட்டடம் சிமெண்டு இல்லாமல் கட்டப்பட்டது, எண்பது ஆண்டுகளுக்கு மேல் பழமையானது, ஆயுள் முடிந்தது. அந்த வரியில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பொருள் சொன்ன சென்னை உயர் நீதிமன்றம் இயங்குவதே 1892-இல் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய மாளிகையில். ஆனால் பொறியாளர் பொய் எழுதவில்லை. அவர் படித்த புத்தகத்தில் சுண்ணாம்புக்கு ஒரு பாடம் இருந்திருக்கலாம். அவர் கை அதைத் தொட்டதே இல்லை. தெரியாத ஒன்றை ஆபத்து என்று எழுதிவைப்பது பொறியாளருக்குப் பாதுகாப்பு. எழுதாமல் விட்டு, நாளைக்கு ஒரு கல் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

எதிர்த்துச் சொல்ல ஒரு நிபுணர் வேண்டும். அண்ணாச்சிதான் இலஞ்சிப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார் என்றார். எழுபது வயதைத் தாண்டிய கொத்தனார். அப்பனும் தாத்தனும் காரை வேலைக்காரர்கள். அவரைக் கடைக்கு அழைத்துப் போனேன். வந்ததும் எதையும் கேட்கவில்லை. கரண்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் சுவரை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஆள் உயரத்தில் ஒரு சத்தம், இடுப்புக்குக் கீழே வேறு சத்தம், எனக்கே கேட்டது. மேலே காரைப் பூச்சை நகத்தால் கீறினார், கீறல் விழவில்லை. கீழே பூச்சை ஒரு ஸ்குரூடிரைவரால் நெம்பினார். பாளமாகப் பெயர்ந்தது. பின்னால் செங்கல் மாவாக நின்றது. பெயர்ந்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்தார். சாம்பல் நிறம்.

"இது காரை இல்ல வக்கீல் சார், சிமெண்டு. மண்ணுக்குள்ள இருந்து ஏறுற ஈரம் காரை வழியா வெளிய போயிரும். இங்க அது போற வழிய அடைச்சுட்டாங்க. ஈரம் எங்க போகும்? செங்கலைத்தான் தின்னும்."

மட்டப்பாவில் ஏறிப் பார்க்க அவரால் முடியவில்லை. கீழேயிருந்தே கட்டைகளை எண்ணினார். செல் அரித்தது ஒன்று, மாற்றினால் போதும் என்றார். கீழ்ச்சுவரில் சிமெண்டை உரித்துவிட்டு, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, திரும்பக் காரை பூசினால் வீடு இன்னும் இரண்டு தலைமுறை நிற்கும் என்றார். எனக்கு வேண்டிய சாட்சியம் அதுதான். பழுது இருக்கிறது, பழுதுக்குக் காரணமும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. ஆகவே இது இடிப்பு வழக்கு இல்லை, பழுதுபார்ப்பு வழக்கு.

ஆனால் அந்தச் சிமெண்டைப் பூசியது யார்? அண்ணாச்சிதான். என்னிடம் முதல்நாள் வந்தபோதே, வீட்டை எவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறேன் பாருங்கள் என்று, பத்து வருசத்துக்கு முன்பு வாங்கிய சிமெண்டு பில்களை மஞ்சள் பையிலிருந்து எடுத்துப் பெருமையோடு வைத்திருந்தார். அதே சட்டத்தின் 10-ஆவது பிரிவில் இன்னொரு விதி உண்டு: கட்டடத்தின் மதிப்போ பயனோ கணிசமாகக் குறையும்படி குடியிருப்பவர் சேதம் செய்தால், அதற்காகவே அவரைக் காலி செய்யலாம். வீடு கெட்டதற்குக் காரணம் வயது இல்லை, சிமெண்டுதான் என்று நான் நிரூபித்தால், அடுத்த வாரமே எதிர்த்தரப்பு அந்தப் பிரிவில் ஒரு மனுப் போடும். வீட்டைக் காப்பாற்றும் உண்மை அண்ணாச்சியை வெளியே தள்ளிவிடும். வழக்கறிஞனின் கட்சிக்காரர் வீடு அல்ல, மனிதர். பில்களை நான் தாக்கல் செய்யவில்லை. கொத்தனாரிடம், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றேன்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரர். போட்டோவில் தெரிகிற ஈரத்துக்குக் காரணம் என்ன என்று அவரும் கேட்கவே இல்லை. கேட்டால் சிமெண்டு என்று பதில் வரும், வயதுதான் காரணம் என்ற அவர் கட்சி ஆட்டம் காணும். இரண்டு தரப்புக்கும் மௌனம் லாபமாக இருந்தது. அதனால் அந்தச் சுவர் ஏன் நனைந்திருந்தது என்ற ஒரே முக்கியமான கேள்வி, விசாரணை முழுவதிலும் கேட்கப்படாமலேயே போயிற்று. வாதியும் பிரதிவாதியும் மோதினால் உண்மை தானாக வெளியே வரும் என்ற நம்பிக்கையில்தான் நம் நீதிமுறை நிற்கிறது. இருவருக்குமே வேண்டாத உண்மையை வெளியே கொண்டுவர அந்த முறையில் ஆள் இல்லை.

கொத்தனாரை நிபுணராக ஏற்கலாமா என்பதில் முதல் சண்டை. இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, அறிவியலிலோ கலையிலோ தனித்தேர்ச்சி உள்ளவரின் கருத்தை நீதிமன்றம் கேட்கலாம் என்றது. பட்டம் வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் கிடையாது. இப்போது 2024 ஜூலை முதல் வந்திருக்கும் புதிய சட்டத்திலும் அது 39-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. நீதிபதி அனுமதித்தார். பெரியவர் கூண்டில் ஏறி, சுண்ணாம்பை எப்படி நீற்றுவது, எத்தனை நாள் புளிக்கவிடுவது, மாடு கட்டி அரைத்தால் என்ன பக்குவம், கையால் குழைத்தால் என்ன பக்குவம் என்று சொல்லிக்கொண்டே போனார். தட்டச்சர் இரண்டு முறை நிறுத்தச் சொன்னார். சாரலில் சுண்ணாம்பு நிற்காது என்கிறார்களே என்று நான் கேட்டதற்கு, "குற்றாலம் சித்திர சபைச் சுவத்தப் போய்ப் பாருங்க, அதைவிடச் சாரல் எங்க அடிக்குது" என்றார். நீதிபதி அதைச் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

பிறகு குறுக்கு விசாரணை. சாட்சி சொல்வதை நம் நீதிமன்றங்களில் பெரும்பாலும் கேள்வி பதிலாக எழுதுவதில்லை. கேள்வியையும் பதிலையும் சேர்த்துச் சாட்சியே சொன்னது போல ஒரே வாக்கியமாக்கி, "என்றால் சரிதான்" என்று முடிப்பார்கள். அன்று பதிவானவை இப்படி இருந்தன. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன் என்றால் சரிதான். கடந்த பதினைந்து ஆண்டுகளாக நான் சிமெண்டு வேலைதான் செய்து வருகிறேன் என்றால் சரிதான். என் மகன்கள் இருவரும் புனலூர் பக்கம் கான்கிரீட் வேலைக்குப் போகிறார்கள் என்றால் சரிதான். என்னால் இப்போது சாரம் ஏறி வேலை செய்ய முடியாது என்றால் சரிதான். எனக்குப் பிறகு இந்த வேலை தெரிந்த ஆள் இந்த வட்டாரத்தில் இல்லை என்றால் சரிதான்.

கடைசிக் கேள்விக்கு அவர் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரும் சரிபார்த்திருக்க முடியாது. அப்படிச் சொல்கிறவர் அவர் இல்லை.

தீர்ப்பைப் படித்தபோது முதலில் எனக்கு மகிழ்ச்சி. கைத்தேர்ச்சி உள்ளவர் நிபுணரே, அவர் சாட்சியம் நம்பத்தக்கது, கட்டடம் இன்று விழும் நிலையில் இல்லை என்று நீதிபதி தெளிவாக எழுதியிருந்தார். அடுத்த பத்தியில், அதே சாட்சியத்தை வைத்தே முடிவு எதிர்த்திசைக்குத் திரும்பியது. பழுதுபார்க்கத் தக்கது என்றால் பழுதுபார்க்க ஆள் இருக்க வேண்டும். எதிர்மனுதாரரின் சாட்சியே ஆள் இல்லை என்கிறார். பழுதுபார்க்க இயலாத கட்டடத்தை நாளாவட்டத்தில் கெடவிடச் சொல்லி வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே அவர் தேவை உண்மையானது. நான் பலமுறை திரும்பப் படித்தேன். தர்க்கத்தில் எங்கும் ஓட்டை இல்லை. மேல்முறையீட்டில் அதையே உறுதி செய்தார்கள். சீராய்வுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனோம். சீராய்வில் சாட்சியத்தை மறுபடி எடைபோட மாட்டார்கள், கீழே சட்டப்பிழை உண்டா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். பிழை இல்லை. காலி செய்ய ஆறு மாத அவகாசம் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வாதம் மனதில் நிற்கிறது. கட்டடத்தின் வயதைச் சட்டம் எண்ணுகிறது. நிலையையும் பார்க்கிறது. ஆனால் நிலை என்பது செங்கல்லுக்குள் மட்டும் இருப்பதில்லை. அதைச் செப்பனிடத் தெரிந்த கைகள் ஊரில் எத்தனை என்பதிலும் இருக்கிறது. அந்தக் கைகள் ஏன் குறைந்தன என்று எந்த நீதிமன்றமும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அவை குறைந்ததும் விதிகளால்தான். எங்கள் ஊரும் அப்போது சேர்ந்திருந்த திருநெல்வேலி மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் 1949-இல் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை வந்தது. பழைய சூளைக்குப் போக வேண்டிய கல் ஆலைக்குப் போயிற்று. அதில் தவறு என்று ஒன்றும் இல்லை. அந்த ஆலை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் பிறகு வந்த ஒவ்வொரு காகிதமும் ஒரே திசையில் பார்த்தது. வங்கிக் கடனுக்கு மதிப்பீடு செய்கிறவர் கூரை கான்கிரீட்டா என்று கேட்டார். மதிப்பீட்டில் காரை வீடு "பழைய கட்டடம்" என்று மனை விலைக்கு இறங்கியது. காரைக்குக் காய நாள் வேண்டும். கடனுக்கு வட்டி நாள்தோறும் ஓடும். மட்டப்பா அடித்த பெண்களைத் தொழில் தெரிந்தவர்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கூலிப் புத்தகத்தில் அவர்கள் என்றைக்கும் சித்தாள்தான். இத்தனை காகிதமும் சேர்ந்து ஒரு தொழிலை ஒழித்துவிட்ட பின், அந்தத் தொழிலுக்கு ஆள் இல்லை என்று கடைசிக் காகிதம் எழுதியது.

பெரிய கட்டடங்களுக்கு வேறு சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். சென்னையில் 1897-இல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டு நிறுத்தியது. 2010-இல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. விளம்பரப் பலகை வழக்கு ஒன்றுக்காக நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் அந்தக் கட்டடம் இருந்தது அதற்குக் கை கொடுத்தது. மகிழ்ச்சியான தீர்ப்புதான். ஆனால் அதற்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் அது பழுதுபார்க்கப்படாமல், மரம் முளைத்து நின்றது. இடிக்காதே என்று உத்தரவிட நீதிமன்றத்தால் முடியும். சுண்ணாம்பு குழைக்க உத்தரவிட முடியாது. தென்காசித் தெரு வீடுகளோ எந்தப் பட்டியலிலும் இல்லை.

தென்காசிக் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன், அங்கே ஒரு கல்வெட்டுப் பாட்டில், இந்தக் கோயிலுக்கு ஏதாவது பழுது வந்தால் அதை நீக்கிக் காப்பவர் யாராயிருந்தாலும் உலகறிய அவரைப் பணிகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கட்டியவனைப் புகழும் கல்வெட்டுகள் நாடெங்கும் உண்டு. செப்பனிடப் போகிறவனை முன்கூட்டியே வணங்கிய அரசன் வேறு எங்கும் எனக்குத் தெரிந்து இல்லை. என் மூன்று மேல்முறையீட்டுக் காரணங்களில் எதிலும் இதைச் சேர்க்க இடம் இல்லை.

வீடு குறித்த காலத்துக்குள் இடிக்கப்பட்டது. எழுதிக் கொடுத்தபடியே வீட்டுக்காரர் நடந்துகொண்டார். தேக்குக் கட்டைகள் நல்ல விலைக்குப் போயின. அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு இடம் பிடித்தார், பழைய வாடிக்கையில் பாதி வரவில்லை. 1960-ஆம் ஆண்டுச் சட்டமும் இப்போது இல்லை. 2019 பிப்ரவரியில் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

சில வருசம் கழித்து அந்தக் கொத்தனார் என் அலுவலகத்துக்கு வந்தார். பக்கத்து மாவட்டத்தில் ஒரு பழைய மண்டபத்தைச் சுண்ணாம்பு வைத்தே செப்பனிடும் வேலை வந்திருக்கிறது, மேற்பார்வைக்கு என்னைக் கேட்கிறார்கள், அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள் என்றார். அவரிடம் என்ன சான்றிதழ் இருக்கும்? யோசித்துப் பார்த்தால், அவருக்குக் காரை வேலை தெரியும் என்று அரசு முத்திரையோடு எழுதப்பட்ட காகிதம் ஒன்றே ஒன்றுதான்: அந்த வழக்கில் அவர் கொடுத்த சாட்சியம். நகல் மனுப் போட்டேன். நகல் வந்ததும் படித்துக் காட்டச் சொன்னார். குறுக்கு விசாரணையின் கடைசி வரி வந்ததும், "அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துர முடியுமா சார்? அதப் படிச்சா நம்மள வேண்டாம்னுருவாங்க" என்றார். சாட்சியத்தில் பாதியை வெட்டி நகல் தரமாட்டார்கள், முழுதாகத்தான் கொடுக்க வேண்டும் என்றேன்.

அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கிருந்த இளம் பொறியாளர் அந்த வரியைப் படித்துவிட்டு, அப்படியானால் இரண்டு பையன்களை உங்களோடு போடுகிறேன், கற்றுக்கொடுத்துக்கொண்டே வேலையைப் பாருங்கள் என்றாராம். ஒருவன் கொஞ்ச நாளிலேயே கூலி போதவில்லை என்று கேரளாவுக்குக் கான்கிரீட் வேலைக்குப் போய்விட்டான். மற்றவன் வேலை முடிகிற வரைக்கும் இருந்தான். இப்போது காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைச் செப்பனிடும் ஒருவரிடம் இருக்கிறான், சிமெண்டுக் கொத்தனாரை விடக் கூடுதல் சம்பளம்.